சுண்ணாம்பு வைத்த இடம்

புராஸ்டேட் சுரப்பியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு, கரி பூசினாற்போல் கறுத்திருந்தது என்றார் டாக்டர் ஸ்ரீகுமார்.

மெலனோமா. தோலில் வருகிற புற்றுநோய். இந்த இடத்தில் வருவது மிக அபூர்வம். இருபது வருஷத்தில் அவரே இப்போதுதான் பார்க்கிறாராம்.

புருஷன் சுடலைராஜுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டபோது, வயசானால் வருவதுதானே என்றுதான் பாக்கியவதி நினைத்திருந்தாள்.

"ஸ்கேன்ல வேற எங்கயும் இல்ல. ஆபரேஷன் செஞ்சு எடுத்திடலாம். அப்புறம் மூணு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏத்தணும்." டாக்டர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். "ஆனா திரும்ப வரக்கூடிய வியாதி."

சுடலைராஜ் தலையை ஆட்டினார். ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கப் போனார்.

பாக்கியவதி எழுந்திருக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனின் குதிகாலில் ஒரு கறுப்பு மச்சம் இருந்தது. மிளகளவு இருந்தது, ஒரே வருஷத்தில் புளியங்கொட்டை அளவு ஆகிவிட்டது. வாழைத் தோட்டத்தில் நடக்கும்போது உறுத்துகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவரை அவள்தான் தடுத்தாள். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து, தன் கையாலேயே வைத்தாள். பத்து நாளில் உதிர்ந்தது.

எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள்.

"நாந்தான் சார் இத உள்ள அனுப்புனேனா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுல இருந்துதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதும்மா. அவரே போன செவ்வாய்க்கிழமை தனியா ரிசல்ட் கேக்க வந்தப்பவே சொல்லிட்டார். காலையும் பாத்தாச்சு. உங்க காதுல மட்டும் இந்தப் பேச்சு விழக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார்."

போன செவ்வாய்க்கிழமை திருச்செந்தூர் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் வீட்டிலிருந்து கிளம்பினார்.

வராந்தாக் குழாயில் முகத்தைக் கழுவி, முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு அவள் வந்தாள். சுடலைராஜ் வரிசையில் நின்றபடி அவள் முகத்தையே பார்த்தார்.

"ஏளா, உள்ள இவ்வளவு நேரம் என்னத்தப் பேசுன?"

"ஆபரேஷனுக்கு முன்னால ஒங்களுக்கு என்ன சாப்பிடக் குடுக்கணும்னு கேட்டேன்" என்றாள்.

அவர் பைய மூச்சை விட்டார்.