மாட்டியும் கழட்டியும்

"நீங்க 'நான்'னு சொன்னாலே அதுக்கு ஆகல போலிருக்கு" என்றாள் மனைவி, முதல் வரிசை இருட்டுக்குள்ளிருந்து.

மேடை விளக்கு மறுபடியும் அணைந்திருந்தது. பேராசிரியர் மடிக்கணினியின் வெளிச்சத்தில் முகம் மட்டும் மிதக்க நின்றார். நாளை இதே அரங்கில் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது. ஏற்புரையைத் தனியாக ஒத்திகை பார்த்தால் கைதட்ட ஆள் இருக்காதே என்று மனைவியையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

ஜன்னலே இல்லாத அரங்கு. அவர்கள் உள்ளே நுழைந்தபோது மேடைக்கு மேலே ஒற்றை விளக்கு மட்டும் யாரையோ எதிர்பார்த்ததுபோல் எரிந்துகொண்டிருந்தது. மைக் பேசவில்லை, ஏசி ஓடவில்லை. எல்லாம் நிர்வாகத்தின் கஞ்சத்தனம் என்று திட்டிவிட்டு, மைக்கே தேவைப்படாத தன் குரலைத் தானே ரசித்தபடி ஆரம்பித்திருந்தார்.

இருட்டில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். விளக்கு எரிந்தது.

"லூஸ் கனெக்‌ஷன்" என்றார் பேராசிரியர்.

"அந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கேன்" என்றாள் மனைவி.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைனேஸ் என்ற புரதம் பாஸ்பேட் என்ற துணுக்கை மற்றப் புரதங்களின் மேல் மாட்டிவிடும், பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு புரதம் வந்து அதைக் கழற்றிவிடும், இந்த இரண்டின் கையில்தான் உயிருள்ள ஒவ்வொரு செல்லும் இருக்கிறது என்று கை வீசி முழங்கினார். அவர் காலமெல்லாம் கைனேஸைக் கட்டிக்கொண்டு அழுதவர். பாஸ்பட்டேஸைப் பார்த்துக்கொண்டவர் ஆய்வகத்தில் பக்கத்து மேஜை அம்மாள். மாணவர்கள் அவருக்கு மாட்டி என்றும் அந்த அம்மாளுக்குக் கழட்டி என்றும் பேர் வைத்திருந்தார்கள். அவருக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாள் சிரித்தார். போன வருடம் இறந்தும் போனார்.

"இந்த இரண்டும் ஒன்றையொன்று முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வதில்லை. முதுகுப் பக்கம் இருக்கும் ஒரு பள்ளத்தைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. இதை முதன்முதலில் நான்..."

விளக்கு அணைந்தது.

மனைவி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அதைக் கண்டுபிடிச்சது உங்க பக்கத்து மேஜை அக்காதானே?"

கூட்டு முயற்சி என்பதெல்லாம் உனக்குப் புரியாது, மேடையில் ஒரு பெயர் சொன்னால்தான் எடுபடும் என்று அவர் விளக்கினார். அந்த அம்மாள் பெயரை அன்று காலைதான் உரையிலிருந்து எடுத்திருந்தார்.

'டிக்.' விளக்கு வந்தது.

"பேனா மூடி" என்றாள் மனைவி. அவள் குரல் மாறியிருந்தது. "யாராவது தப்பாப் பேசினா, மறுத்துப் பேசறதுக்கு முன்னாடி பேனா மூடியைக் கழட்டுவாங்களே அக்கா. அந்தச் சத்தம்."

"அப்போ அந்த அம்மாதான் விளக்கை அணைக்கிறாங்களா? சரியாப் போச்சு. உயிரோட இருந்தப்ப என் பேச்சை அணைச்சாங்க, இப்ப விளக்கை. மாட்டினதைக் கழட்டி அணைக்கிறதுதானே பாஸ்பட்டேஸ் வேலை."

சிரித்துப் பார்த்தார். காலி நாற்காலிகள்கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.

"அதையும் அக்கா ஒத்துக்க மாட்டாங்களே" என்றாள் மனைவி. "நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே சொன்னாங்க. கழட்டினா அணையும்னு யார் சொன்னது, சில கைனேஸைத் தூங்க வைக்கிறதே அது மேல மாட்டியிருக்கிற பாஸ்பேட்தான், அதைக் கழட்டினாத்தான் எரியும்னு. நீங்கதான் பேச்சை மாத்திட்டீங்க."

பேராசிரியர் வீம்பாக நிமிர்ந்து நின்றார். "இதை முதன்முதலில் நான்" என்று மறுபடி தொடங்கினார்.

விளக்கோடு மடிக்கணினித் திரையும் அணைந்தது. கும்மிருட்டு. இந்த முறை 'டிக்' வரவில்லை. அவர் காத்திருந்தார். முதுகின் நடுவில், தோள்பட்டைகளுக்கு இடையே இருக்கும் பள்ளத்தில், ஒரு விரல் நுனி அளவுக்குச் சில்லென்று ஏதோ பட்டது. படித்த படிப்பெல்லாம் எங்கோ ஓடிப்போயிற்று.

"முதன்முதலில்..." என்றார். 'நான்' வந்த இடத்தில் அந்த அம்மாளின் பெயரை, இன்ஷியலோடு, முழுசாகச் சொன்னார்.

'டிக்.'

விளக்கு அதுவரை எரியாத பிரகாசத்தில் எரிந்தது. திரையும் உயிர்பெற்றது. அவர் பெயரை உரையில் தட்டி ஏற்றினார். மூச்சுவிடாமல் கடைசி வரிவரை வாசித்து முடித்தார். விளக்கு இமைக்கக்கூட இல்லை.

மனைவி கைதட்டினாள். கைதட்டல் காதில் விழுந்ததும் பேராசிரியருக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. "பார்த்தியா, கனெக்‌ஷன் சூடானதும் தானா சரியாயிடுச்சு" என்று விரலை நைசாக டெலிட் விசைக்கு நகர்த்தினார்.

கதவு திறந்தது. எலக்ட்ரீஷியன் டார்ச் வெளிச்சத்தோடு உள்ளே வந்தார்.

"ஏன்யா, இப்படி மாத்தி மாத்தி விளக்கை அணைச்சா மனுஷன் எப்படிப் பேசறது?" என்று பேராசிரியர் பாய்ந்தார்.

எலக்ட்ரீஷியன் மேடை விளக்கையே அண்ணாந்து பார்த்தார். பார்த்தபடியே சட்டைப் பைக்குள் கைவிட்டு, பீங்கான் ஃபியூஸ்களை ஒரு பிடியாக எடுத்து நீட்டினார்.

"நான் எங்க சார் அணைச்சேன்? இந்த ஹால் ஃபியூஸ் எல்லாத்தையும் காலையிலேயே கழட்டிட்டேனே. அதை விடுங்க, இது எப்படி எரியுது?"