அக்ரிலிக், சுண்ணாம்பு, தங்கத்தாள், துணி

புள்ளிகளைத்தான் முதலில் அடையாளம் கண்டாள்.

சுங்குடிப் புள்ளிகள். சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் அம்மைத் தழும்பு மாதிரி வரிசையாகத் தெரிந்தன. அரக்குச் சிவப்பு. அவளுடைய புடவை.

புடவையாக இருந்தது கொஞ்ச காலம்தான். அப்புறம் தூளியாக இருந்தது.

அப்புறம் ஒரு மஞ்சள் பைக்குள், பீரோவின் அடித்தட்டில், துவைக்காமல்.

ஏன் துவைக்கவில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. யார் கேட்டார்கள்? புருஷன் வெளியே போன மத்தியானங்களில் பையைப் பிரித்து முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பால் வாசம் எப்போதோ போய்விட்டது என்று மூக்குக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

போன மாதம் பை காணாமல் போயிற்று. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். வேலைக்கு வரும் பொன்னுத்தாயியைக்கூட ஜாடையாகக் கேட்டுவிட்டாள். அந்த மனுஷிக்கு முகம் சுண்டிப்போயிற்று. புருஷனும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தான். வாயைத் திறக்கவில்லை.

இப்போது அது சுவரில் இருக்கிறது. ஏசி போட்ட கண்காட்சிக் கூடத்தில், நாலு விளக்கு வெளிச்சத்தில்.

ஆளுயரப் பலகையில் ஒட்டி, பசை ஊற்றி விறைக்கவைத்து, நடுவில் மட்டும் தொங்கலாக விட்டிருக்கிறான். உள்ளே பிள்ளை கிடந்தால் எப்படித் தொங்குமோ, அதே தொங்கல்.

சும்மா சொல்லக்கூடாது, கைத்திறமைக்குக் குறைச்சல் இல்லை. சுற்றிலும் கறுப்பும் நீலமுமாக அக்ரிலிக் வர்ணம் வழிகிறது. தஞ்சாவூர்ப் படங்களில் சாமிக்கு ஒட்டுகிற தங்கத்தாளை ஒரே ஓர் இடத்தில் ஒட்டியிருக்கிறான். பார்க்கிறவர்களுக்கு அது சூரியன். ஒரு அம்மாள் தீவு என்றாள்.

அது பிள்ளை கக்கிய பாலின் கறை. கறையின் விளிம்பு இம்மியும் பிசகாமல் ஒட்டியிருக்கிறான்.

கீழே சீட்டு. படத்தின் பெயர் அமுதினி. அக்ரிலிக், சுண்ணாம்பு, தங்கத்தாள், துணி.

துணியாம்.

சீட்டின் ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர். விற்றாயிற்று என்று அர்த்தமாம். கண்காட்சி முடிந்ததும் துபாயில் யாரோ ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறைக்குப் போகிறதாம்.

பெயரை இன்னொரு தடவை படித்தாள்.

நாலு மாதம் இருந்துவிட்டுப் போன பிள்ளை. அது போன பிறகு அந்தப் பெயர் வீட்டில் கிடையாது. ஒரு தடவை சோறு போடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டாள், இன்றைக்கு அமுதினிக்குப் பிறந்தநாள் என்று. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். மாடியில் அவன் படம் வரைகிற அறையின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அவளும் வாயைக் கட்டிக்கொண்டாள். பாவம், அவனால் தாங்கமுடியவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

மைக்கை அவன் கையில் கொடுத்தார்கள்.

"என் மக பேரு அமுதினி" என்று ஆரம்பித்தான்.

எவ்வளவு பேசினான். தூளிக் கயிறு கிறீச்சிட்டதைச் சொன்னான். தூக்கத்தில் பிள்ளை சிரித்ததைச் சொன்னான். பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில்தான் தன் துக்கம் இருக்கிறது என்றான். குரல் உடைந்தது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

நடிப்பாக இருந்தால்கூட மன்னித்திருப்பாள். நிஜமாகவே அழுதான்.

அவளோடு உட்கார்ந்து ஒரு சொட்டு அழுதிருந்தால் போதுமே, பாவி.

கைதட்டல் ஓய்ந்ததும் கூட்டம் படத்தை மொய்த்துக்கொண்டது. ஆளாளுக்கு செல்போனை நீட்டினார்கள். ஒரு பெண் தங்கத்தாளுக்குப் பக்கத்தில் கன்னத்தைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டாள். பிள்ளை இருந்தபோது பெற்றவள் வாசலுக்குக்கூடத் தூக்கி வரமாட்டாள். இப்போது எத்தனை கண்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

இன்றைக்கு அவன் சொல்லித்தான் மை இட்டுக்கொண்டு வந்திருந்தாள். போட்டோ எடுப்பார்களாம். கரைந்து இறங்கியிருந்த மையை மோதிர விரலால் வழித்தாள். தொங்கலின் இடது பக்கம், கன்னம் வரவேண்டிய இடத்தில், ஒரு பொட்டு வைத்தாள்.

துணி பலகை மாதிரி இருந்தது. வார்னிஷ் வாசம் அடித்தது.

காவலுக்கு நின்ற பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். தொடக்கூடாது மேடம் என்றாள்.

"இத்தனை பேரு பாக்காங்கல்லா" என்றாள் அவள். "கண்ணு பட்டுரும்."

கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் வந்தான். பொட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

அவன் உதடு நடுங்கியது. அமுதினியின் அப்பா வந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். கோமு என்று கூப்பிடுவான். வா, வீட்டுக்குப் போகலாம் என்பான். இதைக் கழற்றிக் கையில் கொடுப்பான்.

அவன் இரண்டடி பின்னால் போய் நின்றான். தலையைச் சாய்த்தான். ஒரு கண்ணைச் சுருக்கினான்.

"நல்லா வந்திருக்கு" என்றான். பிறகு காவல் பெண்ணிடம் திரும்பினான். "அழிச்சிராதீங்க. சீட்டுல கண்மைன்னும் சேத்து எழுதிருங்க."

அவள் விரலில் இன்னும் கொஞ்சம் மை மிச்சமிருந்தது. அவன் கண்ணில் படாமல் அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.