விழும்போது எடுத்த போட்டோ

"ஆளுக்கு ஒரு பொறுப்பக் குடுக்கறதுன்னா மொகத்தப் பாக்காத கண்ணு, அவன்ற..."

மகுடேஸ்வரனின் அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, இப்படி ஏதோ சொல்வார். முகத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் மறந்துவிட்டது. திருப்பூரில் பஸ் ஏறியதிலிருந்து யோசித்தும் பிடிபடவில்லை.

யோசிக்கக் காரணம் இருந்தது. அவருடைய பனியன் கம்பெனியில் தையல் செக்‌ஷனுக்கு இன்சார்ஜ் போட வேண்டும். பழையவர் சொந்தக் கம்பெனி ஆரம்பித்துப் போய்விட்டார். இருக்கிற சூப்பர்வைசர்கள் தங்கதுரை, மருதாசலம் இருவரில் ஒருவர். நூறு பேருக்கு மேல் அந்த ஒருவர் சொல்படிதான் வேலை செய்ய வேண்டும். திங்கட்கிழமை பெயரைச் சொல்வதாக இருந்தார்.

"தங்கதுரையண்ணனப் போடுங்க மொதலாளி. அதுல என்னங்க யோசன?" என்றார் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த டெய்லர்.

"மருதாசலம்?"

"வாயத் தொறந்தா வசவுதானுங்களே."

மருதாசலம் பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு, வருடா வருடம் கம்பெனி டூர். இந்தத் தடவை கணியூர் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பார்க்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ரோலர் கோஸ்டர் அப்படி நின்றது. தென்னந்தோப்புகளுக்கு மேலே, காற்றாலை உயரத்துக்கு, சிவப்பு இரும்பு ஆகாயத்தில் சுருண்டு சுருண்டு கிடந்தது.

"கோன்ல இருந்து நூல உருவி உட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள் செக்கிங் பிரியங்கா.

ஒரு வண்டி உச்சியிலிருந்து விழுந்தது. அலறல் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

"அடங்கொப்புறானே" என்றார் நல்லான். கம்பெனியிலேயே வயதான டெய்லர். "நானும் ஏறிப் பாக்கறன்."

"நீங்க எங்கீங்க ஏர்றீங்க?" மருதாசலம் அத்தனை பேர் முன்னாலும் பாய்ந்தார். "ஊசியில நூல் கோக்கவே கண்ணாடியத் தேடறீங்க. பேசாம கீழ உக்காந்து எல்லாத்து பையையும் பாத்துக்குங்க."

நல்லானின் முகம் சுண்டிப்போனது.

"பெரியவரு மெஷினுக்குக் கைமடியா நின்னு, அவரு தைக்கற பீஸ வாங்கிப் போட்ட ஆளுதான இவுரு" என்று பிரியங்கா முணுமுணுத்தாள். "அந்த நெனப்பு இருக்குதா பாரு. இன்சார்ஜ் வேற ஆயிட்டா நாம பொழச்ச மாதிரிதான்."

இந்தப் பக்கம், புதிதாகச் சேர்ந்த சசிகுமார் வரிசையிலிருந்து நழுவப் பார்த்தான். தங்கதுரை அவன் தோளில் கை போட்டார்.

"எதுக்குக் கண்ணு பயம்? அண்ணன் பக்கத்துலயே உக்காந்துக்கறன். கையக் கெட்டியாப் புடிச்சுக்கறன். போதுமா?"

மகுடேஸ்வரன் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மனதுக்குள் பெயர் முடிவாகிவிட்டது.

நல்லான் கேட்கவில்லை. வீம்பாகப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். மருதாசலம் தலையில் அடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் இருந்தவனை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தார்.

"மயக்கம் கியக்கம் போட்டீங்கன்னா நான்தானுங்க சொமக்கோணும். எல்லாம் என்ற தலையெழுத்து."

மகுடேஸ்வரனுக்குக் கடைசி வரிசை. வண்டி கடகடவென்று மேலே ஏறியது. ஏற ஏற முன்னால் இருந்தவர்களின் கேலியும் சிரிப்பும் ஒவ்வொன்றாக அடங்கின.

உச்சி.

ஒரு மூச்சு நேரம் வண்டி நின்றது. கீழே பச்சைப் பச்சையாக வயல், வெட்டி அடுக்கிய துணி போல. தூரத்தில் அமராவதி அணையின் தண்ணீர், ஒரு வெள்ளைக் கோடு. அதற்கும் அப்பால் மலை. பக்கத்துக் காற்றாலையின் இறக்கை கண்ணுக்கு நேராக வந்து போனது. இத்தனை பெரிய இடத்தில் இருந்துகொண்டா ஷிப்மென்ட், ஷிப்மென்ட் என்று குனிந்தே கிடந்தோம் என்று தோன்றியது.

பிறகு பூமி இல்லாமல் போனது.

வயிறு மேலேயே தங்கிவிட, உடம்பு மட்டும் விழுந்தது. கத்தியது தானா மற்றவர்களா என்று தெரியவில்லை. எங்கோ ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

இறங்கியபோது கால்கள் தரையை நம்பவில்லை. நல்லான் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"ஆகாசத்தத் தொட்டுப்போட்டு வந்துட்டனுங்க மொதலாளி."

வெளியே வரும் வழியில் ஒரு கவுண்டர். விழும்போது எடுத்த போட்டோவைப் பெரிய டிவியில் போட்டிருந்தார்கள். எல்லோரும் முண்டியடித்தார்கள்.

"மொதலாளியப் பாருங்க, கண்ண இறுக்கி மூடிட்டு சாமி கும்புடறாரு."

மகுடேஸ்வரனும் சிரித்தார். பழக்கதோஷம், துணியில் டேமேஜ் தேடுவது போல வரிசை வரிசையாகப் பார்த்தார். எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. பிதுங்கிய கண், திறந்த வாய். தங்கதுரைக்கும் அதே முகம், மருதாசலத்துக்கும் அதே முகம்.

முகத்தை விட்டுவிட்டுக் கீழே பார்த்தார்.

சசிகுமாரின் இரண்டு கைகளும் தங்கதுரையை நோக்கி நீண்டிருந்தன. தங்கதுரையின் இரண்டு கைகளும் தன் சீட்டின் பாதுகாப்புக் கம்பியைப் பிடித்திருந்தன. அவர் முழங்கை சசிகுமாரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்த வரிசை. மருதாசலத்தின் கம்பியில் கையே இல்லை. ஒரு கை நல்லானின் நெஞ்சுக்குக் குறுக்கே அணையாக இருந்தது. இன்னொரு கை, மெஷினுக்குப் பின்னால் நின்று பீஸ் வாங்குகிற கைமடியின் கை போல, பெரியவரின் முகத்துக்கு முன்னால் விரிந்திருந்தது. நழுவிய மூக்குக்கண்ணாடி அந்தக் கையில் இருந்தது.

"இத அழிச்சுருங்க தம்பி" என்று பின்னாலிருந்து மருதாசலம் கவுண்டர்காரனிடம் சொன்னார். "என்ற மூஞ்சி நல்லாவே இல்ல."

"ஆமாமா, அழிச்சுருங்க" என்றார் தங்கதுரை, அவசரமாக.

அப்புச்சி சொன்னதில் விட்டுப்போன வார்த்தை அப்போதுதான் மகுடேஸ்வரனுக்கு ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை, தையல் செக்‌ஷன் சாவியை மருதாசலத்திடம் கொடுத்தார்.