நானூறு வரிக்குச் சொந்தக்காரர்

"இதை எழுதின மகராசனைக் கொண்டாந்து என் முன்னாடி நிறுத்துங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும்!"

டீம் லீடரம்மா போட்ட சத்தத்தில் மாடியே திரும்பிப் பார்த்தது.

கத்தாமல் என்ன செய்வாள், பாவம்? கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற எடிட்டர் சாஃப்ட்வேர் அது. வயசு முப்பது. வந்தவன் போனவனெல்லாம் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டு வைத்திருந்தான். யாரிடமும் இல்லாத கீபோர்டுக்கு ஒரு ஒட்டு. மியூசியத்தில்கூடக் கிடைக்காத கம்ப்யூட்டருக்கு ஒரு ஒட்டு. அந்தக் குப்பையையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, மாசக் கடைசிக்குள் புதுசாக வெளியிட வேண்டும். வேலை அவள் தலையில் விழுந்தது.

மற்றதெல்லாம் ரெண்டு வாரத்தில் ஒழிந்தது. இந்த நானூறு வரி மட்டும் போவேனா என்றது.

ஏதோ ஒரு பழைய பிரிண்டருக்காக எழுதினது. அந்தப் பிரிண்டரும் இல்லை, அதைச் செய்த கம்பெனியும் இல்லை. சரி, தொலையட்டும் என்று அழித்தால், ஃபைல் சேவ் ஆக மாட்டேன் என்கிறது! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தான் படுபாவி. நடுவில் தேதியோடு ஒரு குறிப்பு வேறு: 'இப்போதைக்கு இது போதும். பிறகு சரிசெய்யலாம்.'

"பன்னிரண்டு வருஷமா அந்தப் பிறகு வரலையாமா துரைக்கு?"

துரை யாரென்று தேட வேண்டியதில்லை. எந்த வரியை யார் எழுதினார்கள் என்று பதிவிலேயே இருக்கும். நானூறு வரிக்கும் ஒரே பெயர். எதிர் சீட்டுக்காரர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர். ஆபீசில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்றே பெயர்.

"ஏங்க, இது நீங்க எழுதினதா?"

அவர் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பகுதியை எங்கிட்ட விட்டுடுங்க. நான் பார்த்துக்கறேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"பேர்தான் போட்டிருக்கே."

"பிரிண்டருக்குள்ள எதுக்கு ஃபைல் சேவ் பண்றதைக் கொண்டுபோய்ச் சொருகினீங்க?"

"அவசரத்துல பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாமா? யாரோ மூணாம் மனுஷன் பண்ணின மாதிரியில்ல சொல்றீங்க!"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

மூணு நாள் மல்லுக்கட்டினாள். ஒரு வரியை எடுத்தால் ஒன்பது இடத்தில் புட்டுக்கொண்டது. வீட்டுக்குப் போயும் அதே புலம்பல்தான்.

"அந்த ஆளையெல்லாம் எப்படிங்க இத்தனை வருஷம் வேலைக்கு வச்சிருக்காங்க?"

"முதல்ல செருப்பைக் கழட்டு," என்றான் கணவன். "அப்புறம் அவரைக் கிழிக்கலாம்."

நாலாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"அடுத்த மாசத்திலிருந்து டீம்ல ஒரு ஆளைக் குறைக்கணும்னு மேலிடத்து உத்தரவு. யாரைன்னு காரணத்தோட நீங்களே எழுதிக் கொடுத்துடுங்கம்மா."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அரை மணி நேரத்தில் எழுதி முடித்தாள். பெயர், நானூறு வரி, மூணு நாள் நஷ்டம், கேட்டால் அலட்சியமான பதில். கடைசியில், 'இப்படி எழுதுகிறவருக்கு இந்த வேலைக்கே தகுதியில்லை.'

அவருக்குப் படிக்கிற பிள்ளைகள் ரெண்டு பேர் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. 'அதுக்கு நான் என்ன பண்றது? உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்' என்று கையெழுத்தைப் போட்டாள்.

மேனேஜர் அந்தக் காகிதத்தை ரெண்டு தடவை படித்தார்.

"நல்லா யோசிச்சுதான் எழுதினீங்களா?"

"யோசிக்க என்ன சார் இருக்கு? இதை எழுதினது யாரா இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பத்தான் வேணும்."

"யாரா இருந்தாலுமா?"

"எங்க அப்பாவா இருந்தாலும், சார்."

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லக்கூடாதுன்னு அவர் எங்கிட்ட வாக்கு வாங்கியிருக்கார். ஆனா அவர் பொழைப்புக்கே உலை வைக்கும்போது என்னால வாயை மூடிட்டிருக்க முடியாது. இதை எழுதினது நீங்கம்மா."

"நானா?"

"பிரசவ லீவுல போறதுக்கு முந்தின நாள், அவசர அவசரமா முடிச்சுக் கொடுத்துட்டுப் போனீங்க. அதனால ஒரு பெரிய கஸ்டமரோட ஃபைலெல்லாம் அழிஞ்சுபோச்சு. எழுதின ஆளைத் தூக்குன்னு மேலிடத்துல குதிச்சாங்க. அன்னிக்கே அவர் பதிவுல உங்க பேரை எடுத்துட்டுத் தன் பேரைப் போட்டார். 'அவங்களுக்குக் குழந்தை பிறந்து ஆறு நாள்தான் சார் ஆகுது, திட்டறதை என்னைத் திட்டுங்க'ன்னு வந்து நின்னார். பழைய ஆளாச்சேன்னு அவரை வேலையில மட்டும் விட்டுவச்சாங்க."

அவள் மேஜைமேல் இருந்த காகிதத்தை வெடுக்கென்று இழுத்துச் சுக்கு நூறாகக் கிழித்தாள்.

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சார்!"

"அவருக்கு வரவேண்டிய லீடர் பதவி அந்தப் பழியாலதான் போச்சு. 'உங்களுக்குப் பதிலா யாரைப் போடலாம், ஒரு பேர் எழுதிக் கொடுங்க'ன்னு நான்தான் அவரைக் கேட்டேன்," என்றார் மேனேஜர். "உங்க பேரை எழுதிக் கொடுத்தார்."