இருபது நிமிட இருட்டு

"துணியைத் தூக்காதீங்க!"

அவள் மைதானத்தின் குறுக்கே ஓடினாள்.

தாமதம். பி.டி. மாஸ்டர் சந்தனராஜ் கறுப்புத் துணியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டார். பள்ளித் தோட்டத்து அவரைக்கொடி மேல் காலை வெயில் பளீரென்று விழுந்தது.

"என்ன மேடம், அவரைக்குக் கண் ஆபரேஷனா?"

அவள் துணியைப் பிடுங்கி மறுபடி மூடினாள். இரண்டு வாரமாகத் துணியும் கேமராவுமாக வருகிறவள். பெயர்கூட அவர் கேட்டதில்லை.

இலை இருபது நிமிடம் இருட்டில் இருக்க வேண்டும். பிறகு ஒரு நொடி வெளிச்சம். அந்த நொடியில் இலை மங்கலாய் ஒளிரும். மனிதக் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும்.

காற்று கெட்டிருந்தால் அந்த ஒளியில் ஓட்டை விழும். இலை வாடுவதற்கு நாள்கணக்கில் முன்பே.

இருபது நிமிடம். மறுபடி முதலிலிருந்து.

வேலிக்கு அப்பால் ரசாயனத் தொழிற்சாலையின் புகைபோக்கி.

வேலிக்கு இப்பால் விளையாட்டு விழாவுக்கு வரிசை கட்டிய முந்நூறு பிள்ளைகள்.

"ஓட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க சார்."

"இலை பச்சைப்பசேல்னு இருக்கு. எதுக்குத் தள்ளணும்?"

"ஓடுற பிள்ளைதான் ஆழமா மூச்சு இழுக்கும்."

சந்தனராஜ் வாய்க்குக் கொண்டுபோன விசிலைக் கீழே இறக்கினார்.

பதினெட்டு. பத்தொன்பது.

அவள் துணிக்குள் தலையை நுழைத்தாள்.

க்ளிக்.

காலையில் முதலில் எடுத்த படத்தில் வாசலருகே இருந்த கொடி முழுசாய் ஒளிர்ந்திருந்தது. இந்த வேலியோரத்து இலையில், நரம்புகளுக்கு நடுவே, திட்டுத்திட்டாய் இருட்டு.

திரையை அவரிடம் திருப்பினாள்.

அவர் இரண்டு நொடிதான் பார்த்தார்.

"எல்லாரும் கிளாஸுக்குள்ள! ஜன்னலைச் சாத்து! ஓட்டம் நாளைக்கு!"

முந்நூறு தொண்டையிலிருந்தும் ஒரே "சா...ர்!"

கடைசிப் பிள்ளையும் உள்ளே போனதும் திரும்பினார். மூச்சு வாங்கியது.

"இன்னைக்குத் தப்பிச்சாச்சு. நாளைக்கு? அந்த ஃபேக்டரிக்காரங்க நாம சொன்னா கேப்பாங்களா மேடம்?"

அவள் ஏற்கெனவே எண்ணை அழுத்தியிருந்தாள். ஒரு கையில் கேமரா. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மூணாவது யூனிட்டை நிறுத்துங்க."

"மீட்டர்ல ஒண்ணுமே காட்டலையே மேடம்..."

"தெரியும். நிறுத்துங்க."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

புகை மெலிந்தது. நூலானது. அறுந்தது.

போன் கரகரத்தது. "நிறுத்தியாச்சு. ரிஜிஸ்டர்ல மேனேஜர் கையெழுத்து வேணுமே மேடம்?"

"வந்து போடறேன்" என்றாள்.