பிரியாத பொருத்து

"நிழல்ல வைக்கலாமே மாமா, வெயில்ல இப்படிக் காயுதே" என்றாள் மருமகள்.

"தொடாதே. அன்னைக்கும் இதே மாதிரி வண்டிக் கூரைமேல, இதே உச்சி வெயில்லதான் வந்துச்சு" என்றார் தச்சர். குடைகூடப் பிடிக்காமல் கடற்கரை மணலில் விறைப்பாக நின்றார். வண்டியின் மேல் கயிறு போட்டுக் கட்டியிருந்த அலைச்சறுக்குப் பலகை அவர் கையால் செய்த முதல் பலகை. அவர் மகன் செய்ததோ முதலும் கடைசியுமான ஒன்று.

வீட்டுப் பட்டறையிலேயே அதைச் செய்தான் மகன். "அலமாரி செய்யறவங்களுக்கு இதுல வேலை இல்லப்பா, எட்டியே நில்லுங்க" என்று கேலி வேறு. எட்டு மாதத்துக்கு முன் அந்தப் பலகையை வெள்ளோட்டம் பார்க்கக் கடலில் இறங்கினான். அலைகளைத் தாண்டிப் போனதும் ஒட்டு விட்டது, தண்ணீர் புகுந்தது. அன்று கரை ஒதுங்கியவை இரண்டு துண்டுப் பலகைகள். மறுநாள் அவன்.

மூன்று தலைமுறையாக உளி பிடித்த குடும்பம். "தச்சன் மகனுக்கு ரெண்டு பலகையை ஒட்டத் தெரியலையே" என்று மரக்கடைக்காரர் போகிற போக்கில் சொன்னது, துக்கம் கேட்க வந்தவர்கள் வாயிலெல்லாம் புரண்டது. இறந்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதே. அவன் பெயரில் விழுந்த அந்தக் கறையைத் துடைக்காமல் கண் மூடுவதில்லை என்று தச்சர் முடிவு கட்டினார்.

மகனின் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டார். அதே மரம், அதே பசை, உள்ளே அதே வெற்றுக் கூடு. ஒரு மயிரிழை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்த அன்று மட்டும் இழைப்புளியைக் கீழே வைத்தார். மூன்று நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. பிள்ளையின் கையெழுத்து மனசைப் பிசைந்திருக்கும் என்று மருமகளும் எதுவும் கேட்கவில்லை.

இன்று மரக்கடைக்காரரையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

"என்ன பெரியவரே, இந்த வயசுல நீங்களே ஏறி நிக்கப் போறீங்களா?"

"ஏற ஆள் இருக்கு. நீங்க கண்ணை மட்டும் நல்லாத் தொறந்து வச்சுக்குங்க."

இரண்டு மணி நேரம் வெயில் குடித்த பலகையைக் கடற்கரை மீட்புக் காவலர் இறக்கினார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தபடி, அதன் தலைப்பக்கம் தளர்த்தி வைத்திருந்த சின்னத் திருகாணியை இறுக்கிவிட்டுக் கடலுக்குள் நடந்தார்.

அலை தூக்கியது, அடித்தது, புரட்டிப் போட்டது. மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கரையேறிய காவலர், பலகையைக் காதருகே தூக்கிக் குலுக்கினார்.

"ஒரு சொட்டுகூட உள்ளே போகலைங்க. இரும்பு மாதிரி நிக்குது."

மரக்கடைக்காரர் ஒட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "தப்பாப் பேசிட்டேன் பெரியவரே. உங்க பையன் வேலையில குத்தமே இல்ல."

தச்சர் தலையை மட்டும் அசைத்தார்.

"அப்புறம் அவரோடது மட்டும் ஏங்க பிளந்துச்சு?" என்று கேட்டாள் மருமகள்.

காவலர் திருகாணியைத் தொட்டுக் காட்டினார். "உள்ளே வெறும் காத்துதாம்மா. வெயில்ல அது உப்பும். வண்டியில வரும்போது இதைத் தளர்த்தி வைக்கலைன்னா, எப்பேர்ப்பட்ட ஒட்டும் விட்டுடும். அவரு மறந்திருப்பாரு."

"அவசரம்! வேற என்ன?" என்று உச்சுக்கொட்டினார் கடைக்காரர்.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா. வண்டிச் சாவியையே தினம் மறக்கிற மனுஷன்..."

தச்சர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், மணலைப் பார்த்துச் சொன்னார்:

"அவன் மறக்கலம்மா. அன்னைக்கு வண்டியில ஏத்தும்போது, ஸ்குரூ லூசா இருக்கேன்னு நான்தான் இறுக்கி விட்டேன்."