மணல் தீரவிடாத மாமி

கடைசி மணல் இறங்குமுன்பே பாத்தும்மா மணல் கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டாள். “இன்னும் நேரமிரிக்கி மகள். மசூர் வந்திருவான்,” என்றாள்.

மருமகள் ஸுலைஹா நாலு வருடத்துக்கு மேலாக மாமியின் வாயில் கேட்கிற அதே பேச்சு. கணவனை இழந்தவள் உடுக்கும் இத்தாவின் வெள்ளைச் சேலையோடு கட்டிலில் குந்தியிருந்து மாமியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவுதியில் சமையல்காரனாக இருந்த காலத்தில், முட்டை அவிக்க நேரம் பார்க்கவென்று அவள் கணவன் மசூர் வாங்கிய சாமான் அது. ஐந்து நிமிடம் ஓடும். முட்டைக்கு வாங்கியது மனிதருக்கு நேரம் பார்க்கும் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

கடல் பொங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மசூர் கரையோரத்தில் இருந்த உம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தான். வீடும் போயிற்று, வாப்பாவும் போனார். மரத்தில் தொங்கிய பாத்தும்மா மட்டும் மிஞ்சினாள். மசூரின் மையத்து, வெறும் உடல்கூட, அகப்படவில்லை என்றார்கள்.

மூன்றாம் நாள் அவள் மருமகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முதல் வேலையாக அடுப்படி இறாக்கைத் தட்டிலிருந்து மணல் கடிகாரத்தை எடுத்துத் திருப்பி வைத்தாள்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குக் கொடுக்கிற சீதனம். மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பான். மகன் வருவான் என்று இருக்கும்வரை பாத்தும்மா அந்த வீட்டு மாப்பிள்ளையின் உம்மா. அதற்குப் பிறகு என்ன உரித்து என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே கேட்டதில்லை.

காணாமற்போனவனின் பெண்சாதி நாலு வருடம் பார்த்திருந்து, பிறகு நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும் என்று காதியார் சொல்லியிருந்தார். அதுவும் இன்று பொழுதுபட மஃரிபோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை அவளுக்கு மறு நிக்காஹ். மாப்பிள்ளை நிந்தவூரில் வயல் செய்கிறவர். அவருடைய முதல் மனைவியும் அலையோடு போனவள்.

ஊரே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடி அலைந்தபோது மாமி படியிறங்கவில்லை, முழங்கால் நோவென்றாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கடற்கரை அடக்கத்தலமான மையவாடிவரை நடந்து போவாள். மதிலுக்கு வெளியே நின்று மாமாவுக்கு யாசீன் ஓதிவிட்டு வருவாள்.

மணல் இறங்கும்போது சத்தம் வராது. ஆனாலும் ஸுலைஹாவுக்குக் கேட்கும், முற்றத்தில் மசூர் செருப்பை இழுத்து நடக்கிற சரசரப்பு. நிந்தவூர் மாப்பிள்ளையை நினைத்த நேரமெல்லாம் அது வாசல்வரை வந்து நிற்கும். உயிரோடு இருப்பவனுக்குத் துரோகம் செய்கிறேனோ என்று நினைப்பாள்.

பின்னேரம் அசர் தொழுத கையோடு அவளுடைய அண்ணன் முனாப் காக்கா வந்தான். முகம் சரியில்லை.

“வன்னியில சண்டை முடியப்போகுது. அங்க இரிந்து வந்த சனத்த வவுனியா முகாம்ல வெச்சிருக்காங்க. அதுக்குள்ள நம்மட பக்கத்து ஆள் ஒத்தர் இரிக்காராம். கடல்ல மிதந்தவரை ஆரோ தோணியில தூக்கிப் போனதாம். பேர் மசூரோ மன்சூரோ எண்டு சொல்றாராம், மத்தது ஒண்டும் ஞாபகமில்லையாம்.”

ஸுலைஹா கட்டிலை விட்டு எழுந்தாள். மாமி குழறி அழப்போகிறாள் என்று திரும்பிப் பார்த்தாள். பாத்தும்மா மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, “சனம் ஆயிரம் சொல்லும்,” என்றாள்.

“காக்கா, நிந்தவூருக்குச் சொல்லிருங்க. இந்தக் கலியாணம் வேணா.”

“விசர்க் கதை கதைக்காத புள்ள. முகாமுக்குள்ள ஆரையும் உடுறாங்க இல்ல. ஆளைப் பாக்கவே ஒரு வருசம் போகும். அந்த மனிசன் அதுவரைக்கும் பாத்திரிப்பாரா?”

“இரிந்தா இரிக்கட்டும், போனாப் போகட்டும். நான் முகாம் வாசல்ல போய் நிக்கிறன். நாலு வருசம் இரிந்தவளுக்கு இன்னும் நாலு வருசம் பெரிசில்ல.”

சொல்லி முடிக்குமுன் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கலியாணத்துக்கு எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. முனாப் தலையில் கையை வைத்துக்கொண்டு, நிந்தவூருக்குப் போன் எடுக்க வெளியே போனான்.

ஸுலைஹா கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாள். பாத்தும்மா கிட்ட வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“போகாத மகள். அவன் அங்க இல்ல.”

“உங்களுக்கு என்னெண்டு தெரியும் மாமி?”

“எனக்கு உண்ட வீட்ட உட்டா வேற இடமிரிக்கல்ல.”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

பாத்தும்மா பையிலிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கட்டிலில் வைத்தாள். மருமகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“அண்டைக்கே அவண்ட மையத்துட முகத்தத் தொறந்து காட்டி ஆரெண்டு கேட்டாங்க மகள், நான் தெரியாதெண்டு சொல்லிட்டன்.”